சித்திரை வெயிலில் சதுரகிரி

கோடையில் சதுரகிரி மலைக் கோயிலுக்கு ஏறுவோரை முதலில் சோதிப்பது பாறைதான். அடிவாரமான தாணிப்பாறையில் கிளம்பி வழுக்குப்பாறை தாண்டுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். வியர்வை வழிந்து கண் கரிக்கும். பிடிமானத்துக்குக் கை வைத்தால் கல் சுடும். வேண்டுதலுக்காக வெறுங்காலோடு ஏறும் மூதாட்டிகள் படும் பாடு சொல்லி மாளாது.

ஓடைகளில் கூழாங்கல்தான் மிச்சம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தக் கிழக்குச் சரிவு மழை மறைவுப் பகுதி. ஆனால் மலைமேல் கோடைமழை கொட்டினால் காய்ந்த ஓடையே ஆளை அடித்துச் செல்லும். 2015 மே மாதம் பக்தர்கள் உயிரிழந்தது அப்படித்தான். 2021-ல் புலிகள் காப்பகமான காட்டுக்குள் பிளாஸ்டிக்கைத் தடுப்பது சரியே. ஆனால் பாட்டில் தண்ணீருக்கு மாற்றாக, வழியிலுள்ள இரட்டை லிங்கம் வரையிலாவது குடிநீர்த் தொட்டிகள் வேண்டும். உச்சி வெயிலில் முதியவர்களை ஏறவிடக் கூடாது.