லினக்ஸுக்கு மாறுவோம், ஆனால் தனியாக வேண்டாம்

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. எங்கட வட்ஸ்அப் குழுக்களில் ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கதைக்க என்ன இருக்கு? கொம்பியூட்டர் அடுத்த நாளும் ஓன் ஆனது தானே.

ஓன் ஆகும். ஆனால் இனிக் கண்டுபிடிக்கப்படுகிற ஓட்டைகளை ஒருத்தரும் அடைக்கப் போவதில்லை. 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் நீட்டித் தருகிற ஒரு திட்டம் இருக்கு. அதற்கு 30 டொலர் கட்ட வேணும், அல்லது மைக்ரோசொஃப்ட் கணக்கொன்றில் நுழைந்து உங்கட செற்றிங்ஸை அவர்களுடைய கிளவுட்டில் சேமிக்க ஒத்துக்கொள்ள வேணும். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. விண்டோஸ் 11 இற்குப் போகலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேணும், இன்டெல் என்றால் கிட்டத்தட்ட எட்டாம் தலைமுறை புரொசெசராவது வேணும். எங்கட வீடுகளில் இருப்பது என்ன? வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட, செகண்ட் ஹான்டாக வந்த மூன்றாம், நாலாம் தலைமுறை ஐ3, ஐ5 மெஷின்கள். கொரோனாக் காலத்தில் ஒன்லைன் வகுப்புக்கு என்று அவசரமாக வாங்கினவை. அண்ணாவோ அக்காவோ கம்பஸ் முடித்துவிட்டுத் தம்பிக்கு விட்டுப்போனவை. ஒன்றும் பழுதாகவில்லை. வேர்ட் திறக்குது, யூடியூப் ஓடுது. ஆனாலும் பழசாகிப் போச்சு என்று எங்கோ இருந்து ஒரு தீர்ப்பு வந்திருக்கு.

2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 இற்கு மேல் ஏறினதை நாங்கள் மறக்கவில்லை. அதற்குப் பிறகு உருப்படியான ஒரு புது லப்டொப் இலட்சத்தைத் தாண்டித்தான் தொடங்குது. மஹாபொலக் காசை நம்பிப் படிக்கிற ஒரு பிள்ளையிடம் "புது மெஷின் எடு" என்று சொல்வது அறிவுரை இல்லை, பகிடி.

ஆகவே லினக்ஸ். ஓ.எல். ஐ.சி.ரி. பாடத்தில் பணிசெயல் முறைமைக்கு உதாரணம் கேட்டால் விண்டோஸுக்கு அடுத்ததாக எழுதிப் புள்ளி வாங்கின அதே லினக்ஸ்தான். எழுதினோம், கண்ணால் காணவில்லை. 1991 இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய கரு அது. அன்ட்ரொயிட் போன் வைத்திருக்கிற எல்லாரும் ஏற்கனவே அந்தக் கருவைச் சட்டைப்பையில் கொண்டுதான் திரிகிறோம். வீட்டுக் கணினிக்கு என்று வரும்போது உபுண்டு, மின்ட், ஃபெடோரா என்று பல பொதிகள் இருக்கு. முதல் தடவை மாறுகிறவர்கள் இதற்குள் அலைந்து மண்டையைக் குழப்பத் தேவையில்லை. லினக்ஸ் மின்ட் எடுங்கோ. கீழே இடப்பக்கம் மெனு, வலப்பக்கம் மணிக்கூடு, அம்மாவுக்கும் விளங்கும். 22 ஆவது பதிப்பு 2029 வரை அப்டேட் பெறும். 4 ஜிபி ராம் இருக்கிற மெஷினில் அதன் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பு ஒழுங்காக ஓடும்.

"விண்டோஸ் சும்மா கிடைக்குது, பிறகு ஏன்?" என்று கேட்பவர்கள் இருக்கினம். சும்மா கிடைக்கவில்லை. கள்ளமாகக் கிடைக்குது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் மென்பொருளும் பாதுகாக்கப்பட்ட ஒரு ஆக்கம். ஆனால் சட்டத்தைக் காட்டி வெருட்டுவது என்ர நோக்கமில்லை. காசில்லாத ஊரில் கள்ளக் கொப்பியைப் பற்றி அறநெறி வகுப்பு எடுப்பது எனக்கும் பிடிக்காது. நான் பார்ப்பது வேறொன்றை. அந்தக் கொப்பியைப் போடும்போது கடைக்காரர் முதலில் செய்வது என்ன? அன்டிவைரஸை ஓஃப் பண்ணுவார். பிறகு ஆர் எழுதினது என்றே தெரியாத ஒரு சின்ன ஃபைலை, கணினியின் முழு அதிகாரத்தோடும் ஓடவிடுவார். அதே கணினியில்தான் அப்பா வங்கிக் கணக்கைத் திறக்கிறார். கொமினிகேசனில் பிரின்ட் எடுக்கப் போய் வந்த பென் ட்ரைவில் எல்லா ஃபோல்டரும் ஷோர்ட்கட் ஆகி நிற்கிற கதை இந்த நாட்டில் ஆருக்குத் தெரியாது? அதே பென் ட்ரைவை லினக்ஸில் செருகினால், கட்டளை ஒன்றும் தெரியாமலே ஒளித்துவைத்த ஃபோல்டர்களைக் கண்டுபிடிக்கலாம், அந்தப் பொய் ஷோர்ட்கட்களை அழிக்கலாம். விண்டோஸுக்கு எழுதின அந்த வைரஸ் இங்கே ஓடாது. லினக்ஸுக்கு நோயே வராது என்று நான் சொல்லவில்லை. எங்கட ஊரில் சுற்றுகிற நோய் அதற்குத் தொற்றாது, அவ்வளவுதான்.

இனி லினக்ஸ்காரர்கள் விரும்பாத பகுதிக்கு வருவோம். அவர்களில் பலர் மாறுவது ஒரு பின்னேர வேலை என்ற மாதிரிக் கதைக்கினம். நிறுவுவது உண்மையில் ஒரு பின்னேர வேலைதான். அதற்குப் பிறகு இருக்கிறது விஷயம், எங்கட வீடுகளில் அந்த விஷயத்தின் பெயர் பாமினி.

அம்மா ஆசிரியையாக இருந்தால், அப்பா சனசமூக நிலையத்தில் செயலாளராக இருந்தால், மாமா கோயில் நோட்டீஸ் அடிக்கிறவராக இருந்தால், வீட்டுக் கணினியின் முதல் வேலை பாமினியில் தமிழ் அடிப்பது. பாமினி ஒரு தந்திரமான எழுத்துரு. திரையில் "தமிழ்" என்று தெரிவது கணினிக்குள் தமிழே இல்லை: ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டிருக்கு. அதனால்தான் எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கடிதத்தைத் திறந்தால் கிறுக்கல் தெரியுது, தேடினால் ஒன்றும் அகப்படாது.

இந்தத் தந்திரமே லினக்ஸுக்கு மாறும்போது கைகொடுக்குது. அது வெறும் எழுத்துருதானே. பழைய கணினியிலிருந்து அந்த ஃபைலைக் கொப்பி பண்ணி, இரண்டு தரம் கிளிக் பண்ணி நிறுவினால், லிப்ரே ஒஃபிஸில் அம்மா தன்ர பழைய விரல் பழக்கத்திலேயே அடிக்கலாம். ஒரு விஷயத்தை மட்டும் முதல் நாளே செய்துவிட வேணும்: வசனத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக மாற்றுகிற வசதியை நிறுத்துங்கோ. இல்லாட்டி ஒவ்வொரு வசனத்தின் தொடக்கத்திலும் ஒரு தமிழ் எழுத்து வேறொன்றாகிவிடும், அம்மா லினக்ஸைத் திட்டுவா, நீங்கள் காரணம் தெரியாமல் முழிப்பீர்கள்.

யூனிக்கோடில் அடிக்க விரும்பினால் அதுவும் இருக்கு. தமிழ்99 விசைப்பலகையும், தட்டச்சுப் பழக்கம் உள்ளவர்களுக்கு அன்னியமாகத் தெரியாத ரெங்கநாதன் விசைப்பலகையும் லினக்ஸின் உள்ளிடு கருவிகளுக்குள்ளேயே இருக்கு. இலங்கையில் தமிழ் யூனிக்கோடுக்கு எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரநிர்ணயம் வந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும், "பாமினியில் வேர்ட் ஃபைலாக அனுப்பவும்" என்ற வசனம் அலுவலகக் கடிதங்களிலிருந்து போகவில்லை. அந்த ஒற்றை வசனம் எத்தனையோ பேரை விண்டோஸில் கட்டி வைத்திருக்கு. மெஷின் இல்லை, வசனம்.

அசைன்மென்டிலும் இதுதான் கதை. லிப்ரே ஒஃபிஸில் எழுதி வேர்ட் வடிவத்தில் சேமித்து அனுப்பினால், அட்டவணை கொஞ்சம் நகரும், பக்க இலக்கம் ஒன்று மாறும். விரிவுரையாளரின் திரையில் அது உங்கட கவனக்குறைவாகத் தெரியும். பி.டி.எஃப். ஆக அனுப்பினால் ஒரு பிரச்சினையும் இல்லை. வேர்ட் ஃபைல்தான் வேணும் என்று கேட்கிற இடங்களில்தான் சிக்கல். கலைப்பீடத்துக்காரருக்குத் தேவையான மற்றதெல்லாம் நல்லாகவே வேலை செய்யுது. மேற்கோள்களை ஒழுங்குபடுத்துகிற சொட்டேரோ இருக்கு, ஸூம் இருக்கு. புவியியல் பிள்ளைகளுக்கு ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ விண்டோஸில் மட்டும்தான், ஆனால் கியூஜிஐஎஸ் எல்லாவற்றிலும் ஓடும். நாங்கள் அசைன்மென்ட் என்றதும் ஓடிப்போய்த் தேடுகிற நூலகம் தளமே மீடியாவிக்கி என்ற சுதந்திர மென்பொருளில்தான் நிற்குது.

எல்லாருக்கும் சரிவராது. ஃபோட்டோஷொப்பில் கலியாண அல்பம் செய்து சம்பாதிக்கிற ஒருத்தரிடம் "கிம்ப் இருக்கே" என்று சொல்வது அவருடைய வயிற்றில் அடிப்பது. வலரண்ட் விளையாடுகிற தம்பி இருந்தால் வீட்டில் போர் வரும், அது லினக்ஸில் ஓடாது. கெனன் எல்.பி.பி. 2900 மாதிரியான பழைய லேசர் பிரின்டர்களை இணைக்கிறதுக்கு ஒரு முழு நாளும் நல்ல பொறுமையும் வேணும். சில பழைய லப்டொப்களில் வைஃபை உடனே பிடிக்காது. அந்த நேரம் போனை யு.எஸ்.பி. வயரால் இணைத்து இன்டர்நெட் எடுத்துக்கொண்டு டிரைவரை இறக்கலாம்.

இந்தத் தடங்கல் ஒன்றும் தீர்க்க ஏலாததில்லை. தீர்க்க ஆள் இருக்கா என்பதுதான் கேள்வி. விண்டோஸ் பழுதானால் ஒழுங்கைக்கு ஒரு பெடியன் இருக்கிறான், ஃபோமட் அடித்துத் தருவான். டவுனில் கடை இருக்கு. மச்சானுக்குத் தெரியும். லினக்ஸில் ஒரு சின்னப் பிழை வந்தால் அம்மா ஆரிட்டைக் கேட்பா? கம்பஸ் ஹொஸ்டலில் இருக்கிற உங்களைத்தான், இரவு பத்து மணிக்கு, போனில். இரண்டு தரம் கேட்பா. மூன்றாம் தரம் அந்தப் பெடியனைக் கூப்பிட்டுத் திரும்ப விண்டோஸ் போடுவிப்பா. அவவில் ஒரு பிழையும் இல்லை.

ஜெர்மனியின் மியூனிக் நகரசபை சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி, 2013 இல் அந்த வேலையை முடித்தது. 2017 இல் நகரசபை திரும்ப விண்டோஸுக்கே போகத் தீர்மானித்தது. அதற்குப் பின்னால் அரசியலும் இருந்தது, வெளியிலிருந்து வருகிற ஃபைல்களோடு ஒத்துப்போகாத தலையிடியும் இருந்தது. கேரளாவிலோ அரசுப் பாடசாலைகளில் இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் தொடங்கின லினக்ஸ் இன்றைக்கும் ஓடுது. அங்கே ஆசிரியர்களைப் பயிற்றினார்கள், மலையாளத்தில் பாடப்புத்தகம் எழுதினார்கள், ஒரு வகுப்பறையில் பிழை வந்தால் பக்கத்து வகுப்பறையில் தெரிந்த ஒருத்தர் இருந்தார். அந்தப் பக்கத்து வகுப்பறைதான் எங்களிடம் இல்லாதது.

அதனால்தான் தனி ஆளாக மாறாதீங்கோ என்கிறேன். தன்ர லப்டொப்பை மட்டும் மாற்றி, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுகிற படத்தை ஸ்டோரியில் போடுகிற ஆட்களால் ஊருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு ஒழுங்கையில் நாலு வீடு, ஒரு பச்சில் ஆறு பேர், ஒரு வாசிகசாலையின் இரண்டு கணினி. எல்லாரும் ஒரே பொதி, ஒரே பதிப்பு. ஒருத்தர் கண்டுபிடித்த தீர்வு மற்ற ஐந்து பேருக்கும் அப்படியே பொருந்தும். ஃபோமட் அடிக்கிற அந்தப் பெடியனையும் முதல் நாளே கூப்பிடுங்கோ, அவனுக்கு எங்களைவிடக் கெதியாகப் பிடிபடும். பச்சாகச் சேர்ந்து விரிவுரையாளரிடம் போய் "சேர், பி.டி.எஃப். ஆகத் தரலாமா, யூனிக்கோடில் தரலாமா" என்று கேட்டால் பெரும்பாலும் ஓம் என்பார். தனி ஆள் கேட்டால் அது சாட்டு, முப்பது பேர் கேட்டால் நடைமுறை.

தொடங்குவதற்கு ஒன்றையும் அழிக்கத் தேவையில்லை. 8 ஜிபி பென் ட்ரைவ் போதும். அதில் மின்டை எழுதி, கணினியை அதிலிருந்தே ஓன் பண்ணிப் பார்க்கலாம்; ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்காது. வைஃபை பிடிக்குதா, சத்தம் வருதா, பிரின்டர் தெரியுதா என்று வடிவாகப் பாருங்கோ. பிடிக்கவில்லை என்றால் பென் ட்ரைவைக் கழற்றுங்கோ, பழைய விண்டோஸ் அப்படியே நிற்கும். நிறுவுவதாக முடிவெடுத்தால் மட்டும் முதலில் படங்களையும் கோப்புகளையும் வேறொரு டிஸ்க்கில் கொப்பி எடுத்து வையுங்கோ, பாமினி எழுத்துருவையும் சேர்த்து. இறக்க வேண்டிய ஃபைல் கிட்டத்தட்ட 3 ஜிபி வரும். ஒருத்தர் இரவு டேட்டாவில் இறக்கினால் ஆறு பேருக்கும் காணும்.