விலை மிகுந்த இஸ்திரிப் பெட்டி வேண்டுமா?



சென்ற ஆண்டு பள்ளிகள் திறப்பதற்குச் சில நாள்கள் முன்பு, எம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் என்னைக் காண வந்தார். தம் பிள்ளைகளின் சீருடைகளோடு அண்டை வீட்டாரின் துணிகளையும் தேய்த்துக் கொடுத்து, குடும்பச் செலவுக்குச் சிறிது பொருள் ஈட்டுபவர் அவர். பேராவூரணிக் கடைவீதியில் இரண்டு மின் இஸ்திரிப் பெட்டிகளைப் பார்த்து வைத்திருந்தார். ஒன்று 400 ரூபாய். நீராவி பீய்ச்சும் மற்றொன்று 2,400 ரூபாய். "சாமி, எதை வாங்கட்டும்?" என்று வினவினார்.

"இரண்டும் சூடு தரத்தானே போகின்றன, அம்மா! மலிவானதையே வாங்குங்கள்" என்றேன். சிக்கனத்தைப் போதித்துவிட்டோம் என்ற நிறைவு எனக்கு.

மூன்றாம் மாதம் அவர் இடக்கையில் கட்டுடன் ஆலயத்துக்கு வந்தார். பெட்டியின் வயர் கழுத்தருகே நைந்து, உள்ளிருந்த கம்பி உலோக உடலைத் தொட்டிருக்கிறது. விரல் அங்கே பட்டதும் கை சுரீரென்று உதற, கொதிக்கும் பெட்டி, துணியைப் பிடித்திருந்த மறு கையின்மேல் விழுந்திருக்கிறது. புண் ஆறிவிட்டது; ஆயினும் நான் சொன்ன சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அறியாத பொருளைப் பற்றி அறிவுரை கூறியது என் பிழை. அதன் பின்னரே மின்பணி தெரிந்த அன்பர்களிடம் கேட்டறிந்தேன். அவ்வாறு கற்றதையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

துணியின் சுருக்கம் நீங்க மூன்று தேவை: சூடு, ஈரம், அழுத்தம். பருத்தி இழை ஈரமும் சூடும் பெறும்போது இளகுகிறது; அழுத்தும்போது நேராகிறது; உலர்ந்ததும் அந்நிலையிலேயே நிற்கிறது. நம் அன்னையர் துணிமீது நீர் தெளித்து, சுருட்டி வைத்து, பின்னர் தேய்த்ததன் காரணம் இதுவே. நீராவிப் பெட்டி அந்தத் தெளிக்கும் வேலையைத் தானே செய்துகொள்கிறது. கூடுதல் விலையின் பெரும்பகுதி இந்த வசதிக்காகவே கொடுக்கப்படுகிறது.

அவ்வசதி நம் ஊருக்கு ஏற்றதா? இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, நீர். சேதுபாவாசத்திரம் கடலோரத்தை அடுத்த பகுதிகளில் ஆழ்குழாய் நீரில் உப்பும் சுண்ணாம்பும் கலந்திருப்பதுண்டு. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு தோன்றுமாயின், அதே படிவு பெட்டியின் நீராவித் துளைகளையும் அடைத்துவிடும். சுத்திகரித்த நீரை ஊற்ற இயலாத வீட்டில் நீராவிப் பெட்டி நெடுநாள் உழைக்காது.

இரண்டாவது, மின் இணைப்பு. 1,000 வாட் பெட்டி 230 வோல்ட்டில் ஏறத்தாழ நாலரை ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். வீட்டிலுள்ள சாதாரண 6 ஆம்பியர் பிளக் அதற்குப் போதும். 2,000 வாட் நீராவிப் பெட்டியோ ஏறத்தாழ 9 ஆம்பியர் எடுக்கும். அதற்கு 16 ஆம்பியர் 'பவர் பிளக்' இன்றியமையாதது. சிறிய பிளக்கில் அதனைச் செருகினால் வயர் சூடேறிக் கருகும்.

அடித்தகட்டில் பூசப்பட்ட 'நான்ஸ்டிக்' பூச்சுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீணாகாது. கஞ்சி போட்ட வேட்டியைத் தேய்க்கும்போது கஞ்சி வெறும் தகட்டில் ஒட்டிக் கருகி, அடுத்த துணியில் கறையாகும். பூசிய தகட்டில் அவ்வாறு எளிதில் ஒட்டாது. எனினும் உலோகப் பொத்தான், ஜிப் ஆகியவற்றின்மேல் தேய்த்தாலும், கத்தியால் சுரண்டினாலும் பூச்சு கெடும்.

விலை எதுவாயினும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில உண்டு. மின் இஸ்திரிப் பெட்டிக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை நம் நாட்டில் சட்டப்படி கட்டாயம். முத்திரையோடு 'சி.எம்./எல்.' எனத் தொடங்கும் உரிம எண்ணும் இருத்தல் வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் கைப்பேசிச் செயலியில் அவ்வெண்ணைச் சரிபார்க்கலாம். அந்தத் தாய் வாங்கிய பெட்டியில் முத்திரையே இல்லை. அடுத்து, வெப்பக் கட்டுப்பாடு ஒழுங்காக இயங்க வேண்டும். துணியின் சீட்டில் இஸ்திரிப் படத்துள் ஒரு புள்ளி இருந்தால் 110 டிகிரி, இரு புள்ளி 150, மூன்று புள்ளி 200 டிகிரி செல்சியஸ் வரையே அத்துணி தாங்கும். கட்டுப்பாடு பழுதானால் நைலான் சேலை ஒரு நொடியில் பாழாகும்.

மூன்றாவது, 'எர்த்' எனப்படும் நில இணைப்பு. அந்தத் தாயின் வீட்டில் 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலுக்குப் பின் அவசரமாக ஒட்டுப்போட்ட வயரிங்கே இருந்தது. பிளக்கில் மூன்று துளைகள் இருந்தன. மூன்றாவதற்குக் கம்பி இல்லை. அவ்வாறான வீட்டில் எவ்வளவு விலையுயர்ந்த பெட்டியும் ஆபத்தானதே. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. என்னும் சாதனத்தைப் பொருத்திக்கொள்வது உயிருக்குக் காவல்.

இனி, விலை. ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு பெட்டி ஐந்து ஆண்டுகள் உழைக்கும் என வைத்துக்கொள்வோம். வாரம் ஐந்து துணி தேய்க்கும் வீட்டில் மொத்தம் 1,300 துணிகள். 2,400 ரூபாய்ப் பெட்டி எனில் துணி ஒன்றுக்கு 1 ரூபாய் 85 காசு ஆகிறது. நாளொன்றுக்குப் பத்துத் துணி வீதம் ஆண்டில் 300 நாள் தேய்ப்பவருக்கு 15,000 துணிகள். துணி ஒன்றுக்கு 16 காசுதான். நல்ல கருவி மிகுதியாக உழைப்பவருக்கே மிகுதியும் பயன் தரும் என்பது இதனால் விளங்கும் அன்றோ?

திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கரும் இதனை உணர்ந்தார். தெருவோர இஸ்திரி வண்டிகளில் கரி எரிவதைக் கண்டு, சூரிய ஒளி மின்சாரத்தால் இயங்கும் வண்டியை வடிவமைத்தார். அதற்காக 2020இல் சுவீடன் நாட்டின் குழந்தைகள் பருவநிலை விருதைப் பெற்றார். அத்தகைய வண்டி கரி அடுப்பைவிட விலை மிகுந்ததே. ஆயினும் நாள் முழுவதும் புகையில் நிற்கும் தொழிலாளியின் நுரையீரலுக்கும் ஒரு விலை உண்டு.

நம் தாய் இறுதியில் என்ன வாங்கினார் தெரியுமா? ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பூசிய தகடும் கொண்ட 1,000 வாட் பெட்டி, 900 ரூபாய். நீராவி இல்லை, அவர் வீட்டுக் குழாய் நீருக்கு அது ஒவ்வாது. பங்கு இளைஞர் சிலர் அவர் வீட்டுக்கு நில இணைப்பு அமைத்துக் கொடுத்தனர். துணி ஒன்றுக்கு ஆறு காசுக் கணக்கில் அவர் பணி தொடர்கிறது.

உழைக்கும் கைகளுக்குக் கருவி வாங்கும்போது விலைச்சீட்டை மட்டும் பார்த்து இனி நான் எவருக்கும் அறிவுரை கூறேன். நீங்களும் இன்று பெட்டியைச் செருகுமுன், வயரின் கழுத்தைச் சற்று வளைத்துப் பாருங்கள். நைந்திருந்தால், அன்று துணி சுருக்கத்தோடே இருக்கட்டும்.