கேஸ் இருந்தும் விறகடுப்பு எரிவது ஏன்? புகையைக் குறைத்து எரிப்பது எப்படி? முழு விளக்கம்

காலையில் டீயும் குழந்தைக்குப் பாலும் கேஸில். சோறும் குளிக்க வெந்நீரும் விறகில். விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், நரிக்குடி பக்கம் இருக்கும் வீரசோழன் வட்டாரத்தில் பல வீடுகளின் கணக்கு இதுதான். அருப்புக்கோட்டை, திருச்சுழி வரை போனாலும் வீட்டின் பின்பக்கம் ஒரு மண் அடுப்பும், அதன் அருகே சீமைக்கருவேல விறகுக் கட்டும் சாதாரணமாகக் கண்ணில் படும்.

வீட்டில் சிலிண்டர் இருக்கும்போது விறகு எதற்கு? அதில் வரும் புகை எவ்வளவு ஆபத்து? அதே அடுப்பில், அதே விறகில் புகையைக் குறைக்க முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கேஸ் வந்தும் விறகு போகாதது ஏன்?

தமிழ்நாட்டில் இலவச கேஸ் அடுப்புத் திட்டம் 2007-ல் வந்தது. மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் 2016 மே 1-ல் தொடங்கியது. நாடு முழுவதும் 10 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் அதில் கொடுக்கப்பட்டுள்ளன. ஆக, இணைப்பு கிடைப்பது இப்போது பெரிய பிரச்சினை இல்லை. தீர்ந்துபோன சிலிண்டரை மாற்றும்போதுதான் கை கடிக்கிறது.

2025 ஏப்ரலில் 50 ரூபாய் உயர்ந்தபோது, சென்னையில் 14.2 கிலோ சிலிண்டரின் விலை 868 ரூபாய் 50 காசு ஆனது. உஜ்வாலா இணைப்புக்கு 300 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் முழுப் பணத்தையும் முதலில் கட்ட வேண்டும். மானியம் பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். மழையை நம்பிய மானாவாரி ஊரில், கூலி வேலை இல்லாத வாரத்தில் அந்தத் தொகையை மொத்தமாக எடுப்பது லேசான விஷயம் இல்லை.

மறுபக்கம், விறகு கண்ணெதிரே நிற்கிறது. கண்மாய், தரிசு, ரோட்டோரம் என்று எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் இது. நிலத்தடி நீரையும் விளைநிலத்தையும் கெடுக்கிறது என்ற புகாரில், தென் மாவட்டங்களில் இதை அகற்ற உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-ல் கெடுபிடி காட்டியது. பிறகு அந்த நடவடிக்கைக்கு இடைக்காலத் தடை வந்தது. 2022-ல் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழக அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. இத்தனைக்குப் பிறகும் மரம் நிற்கிறது. கரிமூட்டத் தொழிலுக்கும் வீட்டு அடுப்புக்கும் அதுதான் எரிபொருள்.

இன்னொரு விஷயம். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு, ஒரு வீட்டில் 'முக்கியமாக' எந்த எரிபொருளில் சமைக்கிறார்கள் என்பதை வைத்தே கணக்குப் போடுகிறது. 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 100-ல் 80-க்கும் மேற்பட்ட வீடுகள் சுத்தமான எரிபொருள் பக்கம் வந்துவிட்டன. இந்திய அளவில் இது சுமார் 59. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பின்பக்கம் எரியும் இரண்டாவது அடுப்பு இந்தக் கணக்கில் தெரியாது.

புகை என்றால் என்ன?

விறகு நேரடியாக எரிவதில்லை. முதலில் சூடாகி, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிறது. பிறகு விறகிலிருந்து எரியக்கூடிய வாயுக்கள் வெளியே வருகின்றன. அந்த வாயு எரிவதைத்தான் நாம் சுவாலையாகப் பார்க்கிறோம். கடைசியில் மிஞ்சும் கரி, தணலாகக் கனல்கிறது.

விறகில் உள்ள சக்தியில் பாதிக்கும் மேல் அந்த வாயுவில்தான் இருக்கிறது. அது முழுசாக எரிய நல்ல சூடும் போதுமான காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வாயு எரியாமலே வெளியேறும். அதுதான் புகை. அதாவது கண்ணை எரிக்கும் புகை, வெட்டிச் சுமந்து வந்த விறகின் ஒரு பங்கு வீணாகப் போவதற்கான அடையாளம்.

உடம்புக்கு என்ன கேடு? புகையில் பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்களும் கார்பன் மோனாக்சைடும் இருக்கின்றன. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், மாரடைப்பு, பக்கவாதம், குழந்தைகளுக்கு நிமோனியா, கண்புரை ஆகியவற்றுக்கும் சமையல் புகைக்கும் தொடர்பு உண்டு என்கிறது உலக சுகாதார அமைப்பு. உலகில் சுமார் 210 கோடிப் பேர் இன்னும் இப்படிப் புகையில் சமைக்கிறார்கள். இதனால் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே இறக்கிறார்கள் என்பது அந்த அமைப்பின் மதிப்பீடு. அடுப்படியில் அதிக நேரம் நிற்பவர் யார், அவர் இடுப்பில் இருப்பது யார் என்று யோசித்தால், அடி யாருக்கு விழுகிறது என்பது புரியும்.

ஒரு சிலிண்டருக்கு எத்தனை கிலோ விறகு?

ஒரு தோராயக் கணக்கு. மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகிறது. மீதி காற்றிலும் புகையிலும் போய்விடும். ஒரு சிலிண்டர் தரும் வேலையை, 10 சதவீதம் மட்டும் பயன்படும் அடுப்பில் செய்ய சுமார் 250 கிலோ காய்ந்த விறகு வேண்டும். அதே வேலைக்கு, 25 சதவீதம் பயன்படும் அடுப்பில் சுமார் 100 கிலோ போதும்.

வித்தியாசம் 150 கிலோ. முள்ளில் கை கிழிய வெட்டி, தலையில் சுமந்து வரும் பெண்ணுக்கு அது எத்தனை நடை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புகை குறைய என்ன செய்ய வேண்டும்?

1. விறகு காய வேண்டும். புதிதாக வெட்டிய 10 கிலோ விறகில் 4 கிலோ வரைகூட தண்ணீர் இருக்கலாம். அடுப்பு முதலில் அந்தத் தண்ணீரைத்தான் கொதிக்க வைக்கும், சோற்றை அல்ல. இரண்டு கட்டைகளைத் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்றால் ஈரம். எரியும்போது மறுமுனையில் நுரை தள்ளினாலும் ஈரம்தான். கோடையிலேயே வெட்டிப் பிளந்து அடுக்கினால் ஐப்பசி மழைக்கு முன்பு நன்றாகக் காய்ந்துவிடும். தரையில் போடாமல் கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ மூட வேண்டும். பக்கவாட்டில் காற்று போகணும்.

2. விறகு சிறிசாக இருக்க வேண்டும். ஒரு பெரிய கட்டையை விட, இரண்டு விரல் பருமனில் பிளந்த நாலு துண்டுகள் சுத்தமாக எரியும். முழுக் கட்டை உள்ளே சூடாவதற்குள் வெளியே புகைந்துகொண்டே இருக்கும்.

3. அடியிலிருந்து காற்று வர வேண்டும். இதைத்தான் நிறைய பேர் கவனிப்பதில்லை. அடுப்பின் தரையில் விறகு நேரடியாகப் படுத்திருந்தால் கீழே காற்றுக்கு வழி இல்லை. நாலைந்து இரும்புக் கம்பித் துண்டுகளை இரண்டு செங்கல் துண்டுகளின் மேல் குறுக்கே வைத்து, அதன் மேல் விறகை வைத்தால் போதும். சாம்பல் கீழே விழும், காற்று மேலே ஏறும். சாம்பலைத் தினமும் அள்ளணும்.

4. அடுப்பு வாயை அடைக்கக் கூடாது. சீக்கிரம் எரியட்டும் என்று ஒரே நேரத்தில் ஆறேழு விறகைத் திணித்தால் காற்று போகாது, புகைதான் வரும். இரண்டு மூன்று துண்டுகளை இடைவெளி விட்டு வைத்து, எரிய எரிய உள்ளே தள்ளினால் சுவாலை ஒரே சீராக நிற்கும்.

5. பற்ற வைக்கும்போது அவசரம் வேண்டாம். அதிகப் புகை வருவது முதல் சில நிமிடங்களில்தான். பருத்திமார், காய்ந்த சுள்ளி, தேங்காய் நார் போன்றவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பற்ற வைத்து, சுவாலை நன்றாக எழுந்த பிறகே பெரிய விறகை வைக்க வேண்டும். பாலித்தீன் கவர், பெயின்ட் அடித்த பலகை, டயர் துண்டு எதுவும் கூடாது. அவற்றின் புகை இன்னும் மோசமான விஷம்.

6. குமிழ் உயரத்தைப் பாருங்கள். பாத்திரத்துக்கும் அடுப்பு விளிம்புக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு விரல் பருமன் இடைவெளி போதும். குமிழ் உயரமாக இருந்தால் சூடு பக்கவாட்டில் போய்விடும். ரொம்பத் தாழ்ந்தால் சுவாலை மூச்சு முட்டிப் புகையும்.

7. மூடி போட்டுச் சமையுங்கள். அரிசி, பருப்பை முன்கூட்டியே ஊற வைத்தால் அடுப்பு எரியும் நேரமே குறையும். குளிக்கும் தண்ணீரைக் கறுப்பான பாத்திரத்தில் மதியம் முழுக்க வெயிலில் வைத்தால், பாதிச் சூடு இந்த ஊர் வெயிலே போட்டுத் தந்துவிடும்.

சரியாக எரிகிறது என்று எப்படித் தெரியும்? ஊதுகுழல் மூலையில் சும்மா கிடக்க வேண்டும். ஊதிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால், ஒன்று விறகு ஈரம், அல்லது சாம்பல் அடைத்திருக்கிறது. வெள்ளைப் புகை வந்தால் ஈரம். கறுப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை. பாத்திரத்தின் அடியில் கரி குறையத் தொடங்கினால் நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள்.

'புகையில்லா அடுப்பு' என்ன ஆனது?

இது புது யோசனை இல்லை. 1980-களின் நடுவில் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைக் கொண்டு வந்தது. 2002-ல் அது முடிவதற்குள் நாடு முழுவதும் சுமார் 3.5 கோடி அடுப்புகள் அமைக்கப்பட்டன. நம்மூரில் 'புகையில்லா அடுப்பு' என்று பேர். சிமென்ட் குழாய் புகைபோக்கியோடு வந்த அதை வயதானவர்களுக்கு நினைவிருக்கும். பல வீடுகளில் கொஞ்ச நாளில் அது மூலைக்குப் போனது.

ஏன்? ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் நடத்தியது அது. புகைபோக்கி வைத்த அடுப்பு கொடுத்ததும் முதல் ஆண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதன் பிறகு பலன் மறைந்துவிட்டது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவில்லை, பழுதானதைச் சரிசெய்யவில்லை.

கொடுத்தவர்கள் அடுப்பை எண்ணினார்கள். அதை எரிக்கும் முறையைச் சொல்லித் தர யாரும் திரும்பி வரவில்லை என்றால், எந்த அடுப்பும் ஒரு வருஷத்தில் பழைய அடுப்புதான்.

புகைபோக்கி இருந்தால் மாதம் ஒருமுறை கரி தட்ட வேண்டும். அதன் முனை கூரைக்கு மேலே நிற்க வேண்டும். ஓலைக் கூரை என்றால் பொறி பறக்கும் ஆபத்தையும் யோசிக்கணும். புகைபோக்கி புகையை அழிப்பதில்லை, வெளியே தள்ளுகிறது. சுத்தமாக எரிப்பதும் புகைபோக்கியும் சேர்ந்தால்தான் முழுப் பலன்.

புது அடுப்பு வாங்குவதென்றால்?

தூக்கிச் செல்லும் விறகடுப்புகளுக்கு ஐ.எஸ். 13152 என்ற இந்தியத் தரநிர்ணயம் இருக்கிறது. இயற்கைக் காற்றில் எரியும் அடுப்பு குறைந்தது 25 சதவீதம், சிறிய மின்விசிறி வைத்தது குறைந்தது 35 சதவீதம் வெப்பத்தைப் பாத்திரத்துக்குத் தர வேண்டும் என்கிறது அது. வாங்கும்போது இந்த எண்ணைக் கேளுங்கள். உங்கள் வீட்டுச் சோற்றுப்பானை அதில் ஆடாமல் நிற்குமா என்பதையும் பாருங்கள். நிற்காத அடுப்பை யாரும் பயன்படுத்தப் போவதில்லை.

செய்யவே கூடாத இரண்டு விஷயங்கள்

மழைக்காலக் குளிருக்குத் தணல் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துப் படுப்பது உயிருக்கே ஆபத்து. தணலில் புகை தெரியாது. ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆள் போய்விடலாம்.

இரண்டாவது, கேஸ் சிலிண்டரையும் விறகடுப்பையும் ஒரே இடத்தில் வைப்பது. கேஸ் கசிந்தால் விறகின் ஒரு பொறி போதும். கேஸ் உள்ளே என்றால் விறகு வெளியே, காற்றோட்டமான கொட்டகையில் இருக்கட்டும்.

நல்லா எரிச்சா போதுமா?

போதாது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் பி.எம். 2.5 அளவு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார அமைப்பு. எவ்வளவு கவனமாக எரித்தாலும் விறகடுப்பு உள்ள வீடு அந்த அளவுக்குள் வருவது கடினம்.

விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களும் இடம்பெற்ற நான்கு நாட்டு ஆய்வு ஒன்றில், சுமார் 3,200 கர்ப்பிணிகளில் ஒரு பாதிப் பேருக்கு 18 மாதங்கள் கேஸ் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. அவர்கள் சுவாசித்த நுண்துகள் அளவு சுமார் 24 மைக்ரோகிராம். விறகில் தொடர்ந்தவர்களுக்குச் சுமார் 70. குழந்தையின் பிறப்பு எடையில் மட்டும் எதிர்பார்த்த வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஒன்று தெளிவானது. பணம் கேட்காமல் கேஸ் கிடைத்தபோது பெண்கள் கிட்டத்தட்ட முழுசாக விறகை விட்டார்கள். விறகின் மேல் பிரியம் என்பதெல்லாம் இல்லை, பிரச்சினை காசுதான்.

ஆக, கேஸில் செய்ய முடிந்ததைக் கேஸில் செய்வதே நல்லது. குறிப்பாக, கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில். மிச்சத்துக்கு விறகு என்றால், காய்ந்த விறகு, சின்னத் துண்டு, கீழே காற்று. இந்த மூன்றுக்கும் காசு செலவில்லை.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. சிலிண்டர் தீரும் நாளில் முழுத் தொகையும் கையில் இல்லாத வீட்டுக்கு, பிறகு வரும் மானியம் உதவுவதில்லை. அந்த இடைவெளி இருக்கும் வரை வீரசோழன் பக்கம் பின்பக்க அடுப்பு அணையப் போவதில்லை. அதுவரை அதில் எரிவது விறகாக இருக்கட்டும், அங்கே நிற்பவரின் நுரையீரலாக வேண்டாம்.