தோற்கவும் கற்றுக்கொடுப்போம்!

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் பொழுது புலர்வதற்கு முன்பே ரயில் நிலையத்தை நோக்கிய நடை தொடங்கிவிடுகிறது. மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாக, ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருக்குப் பிழைப்புக்காகச் சென்று இரவில் வீடு திரும்புவோர் ஆயிரக்கணக்கானோர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்து தலைமுறை தலைமுறையாக அங்கு வேரூன்றிய தொழிலாளர் குடும்பங்களுக்கு வாய்த்த வாழ்க்கை இது.

பள்ளி மணி அடித்ததற்கும் தந்தையோ தாயோ வீடு வந்து சேர்வதற்கும் இடைப்பட்ட அந்த நீண்ட நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், யாருடன் இருக்கிறார்கள் என்பது அந்த ஊரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் கேள்வி. பலருக்கு விடை, விளையாட்டு மைதானம். அங்கே பிள்ளையின் காதில் விழும் ஒரே பெரியவரின் குரல் பயிற்சியாளருடையதாகவோ, உடற்கல்வி ஆசிரியருடையதாகவோ இருக்கக்கூடும். அந்தக் குரல் என்ன சொல்கிறது என்பதைப் பற்றி நாம் போதிய அளவு கவலைப்படுகிறோமா?

தங்கவயலுக்கு விளையாட்டு புதிதல்ல. கோலாரில் பிறந்த கென்னத் பவல், 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் அரையிறுதி வரை சென்ற இந்திய அணியில் இடம்பெற்றவர். 1965-இல் அர்ஜுனா விருது பெற்றவர். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற அணியிலும் ஓடியவர். 2022-இல் அவர் மறைந்தபோது அனைவரும் நினைவுகூர்ந்தது அவரது வேகத்தை மட்டுமல்ல. "கண்ணியமான ஓட்டவீரர்" என்று அவருக்கு வழங்கிய பட்டப்பெயரையும்தான். பதக்கப் பட்டியல் மறந்துபோகும். பண்பு நினைவில் நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆனால், இன்று மைதானங்களில் நடப்பது என்ன? தலைநகர் தில்லியில் 2023 செப்டம்பரில் நடந்த மாநிலத் தடகளப் போட்டியை மறந்துவிட முடியாது. ஊக்கமருந்துப் பரிசோதனை அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் வீரர்கள் பலர் மைதானத்தை விட்டே மறைந்தனர். ஆடவர் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் எட்டுப் பேருக்குப் பதில் ஒரே ஒருவர் மட்டும் தனியாக ஓடினார். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சேகரிக்கப்பட்ட 3,865 மாதிரிகளில் 125 மாதிரிகளில் தடை செய்யப்பட்ட பொருள்கள் கண்டறியப்பட்டன. அதாவது 3.2 சதவீதம். அதிக அளவில் பரிசோதனை நடத்தும் நாடுகளில் இதுவே மிக உயர்ந்த விகிதம். பதினெட்டு வயது நிரம்பாத சிறுவர் சிறுமியரும் இந்த வலையில் சிக்குகிறார்கள் என்பதுதான் நெஞ்சைச் சுடும் செய்தி.

ஒரு பதினைந்து வயதுச் சிறுவனுக்கு ஊசி மருந்தின் பெயர் எப்படித் தெரியும்? அதை வாங்கப் பணம் எங்கிருந்து வரும்? அவனுக்குப் பின்னால் ஒரு பெரியவர் இருக்கிறார். பயிற்சியாளராகவோ, பெற்றோராகவோ, "இது இல்லாமல் யாரும் ஜெயிப்பதில்லை" என்று சொல்லிக்கொடுக்கும் மூத்த வீரராகவோ அவர் இருக்கலாம். தண்டனை என்னவோ சிறுவனுக்குத்தான்.

வயது மோசடியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 2015 டிசம்பரில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவை நிகழ்த்திய ராகுல் திராவிட், இதைக் கிரிக்கெட்டைப் பீடித்த நஞ்சு என்றே கண்டித்தார். பெற்றோரும் பயிற்சியாளரும் சேர்ந்து தன் பிறப்புச் சான்றிதழைத் திருத்துவதைப் பார்த்து வளரும் பிள்ளை, ஏமாற்றுவதைத் தவிர வேறு எதைக் கற்றுக்கொள்ளும் என்பதே அவர் எழுப்பிய கேள்வியின் சாரம்.

திராவிட் சொன்னதோடு நிற்கவில்லை. 19 வயதுக்குட்பட்டோர் அணியின் பயிற்சியாளராக இருந்தபோது, ஒரு வீரர் ஒரு முறை மட்டுமே இளையோர் உலகக் கோப்பையில் ஆடலாம் என்ற விதிக்குத் துணை நின்றார். அனுபவசாலிகளை மீண்டும் களமிறக்கினால் கோப்பை எளிதாகக் கிடைக்கும். ஆனால், புதிய பிள்ளைகளுக்கு வாய்ப்பு கிடைக்காது. எதை இழந்து எதைப் பெறுவது என்பதில் அவருக்குக் குழப்பமில்லை. 2018-இல் கோப்பையும் கிடைத்தது. அப்போது தனக்கு 50 லட்சம் ரூபாயும் உதவிப் பயிற்சிக் குழுவினருக்குத் தலா 20 லட்சம் ரூபாயும் அறிவிக்கப்பட்டபோது, எல்லோருக்கும் சமமாகவே தரவேண்டும் என்று கேட்டார். முடிவில் அனைவருக்கும் தலா 25 லட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. அணி உணர்வு பற்றி ஆயிரம் முறை வகுப்பெடுப்பதைவிட, தன் பங்கில் பாதியை விட்டுக்கொடுத்த அந்தச் செயல் இளம் வீரர்களுக்கு அதிகம் கற்பித்திருக்கும்.

பரிவோடு பயிற்சி அளித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், வெற்றி கை நழுவும் என்று வாதிடுவோர் உண்டு. அடியாத மாடு படியாது என்ற பழமொழியை மைதானத்திலும் நம்புகிறவர்கள் அவர்கள். இந்த நம்பிக்கையை ஆய்வுகள் எப்போதோ உடைத்துவிட்டன. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியல் அறிஞர்களான ரொனால்ட் ஸ்மித்தும் பிராங்க் ஸ்மாலும் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். முயற்சியைப் பாராட்டவும், தவறு நேர்ந்தால் திட்டாமல் திருத்தவும் சில மணி நேரம் பயிற்சி பெற்ற பயிற்சியாளர்கள் ஒருபுறம். அத்தகைய பயிற்சி பெறாதவர்கள் மறுபுறம். 1992-இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, முதல் பிரிவினரிடம் ஆடிய சிறுவர்களில் 5 சதவீதத்தினரே அடுத்த பருவத்தில் விளையாட்டைக் கைவிட்டனர். இரண்டாம் பிரிவினரிடம் ஆடியவர்களில் அது 26 சதவீதம். வெற்றி தோல்விக் கணக்கில் இரு பிரிவுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. திட்டினால் வெற்றி கூடவில்லை, பிள்ளைகள்தான் ஓடிப்போனார்கள்.

பரிவு என்றால் வெற்றுப் புகழ்ச்சி என்றும் பொருளல்ல. 1998-இல் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் பள்ளிச் சிறார்களிடம் நடத்திய ஆய்வு இதை உணர்த்துகிறது. "நீ அறிவாளி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், அடுத்துக் கடினமான கணக்கு வந்ததும் துவண்டார்கள். தாங்கள் பெற்ற மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, அவர்களில் ஏறத்தாழ பத்தில் நால்வர் கூட்டி எழுதினார்கள். "நன்றாக உழைத்தாய்" என்று பாராட்டப்பட்டவர்களிடம் இந்தப் பொய் மிகக் குறைவு. "நீ பிறவிச் சாம்பியன்" என்று ஒரு சிறுவனிடம் சொல்லும்போது, தோற்றால் மறைக்க வேண்டும் என்ற பயத்தையும் சேர்த்தே அவன் மனதில் விதைக்கிறோம். ஊக்கமருந்தும் வயது மோசடியும் அந்த விதையிலிருந்து முளைப்பவைதானே?

தோற்றவரை மதிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். 2024 டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை வென்று பதினெட்டு வயதில் உலக சதுரங்க சாம்பியன் ஆனபோது, சென்னைப் பிள்ளை குகேஷ் செய்தியாளர்களிடம் முதலில் பேசியது தன் வெற்றியைப் பற்றியல்ல. டிங்கின் போராட்ட குணத்தைப் பற்றி. எதிராளி இல்லாமல் ஆட்டம் இல்லை என்பதை யாரோ அந்தப் பிள்ளைக்கு வீட்டிலோ, பயிற்சிக் கூடத்திலோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

சட்டங்கள் வராமல் இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், குற்றம் பற்றித் தெரிந்தவர்கள் அதைத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், பெண்களுக்கும் சிறார்களுக்கும் பாதுகாப்பான விளையாட்டுச் சூழலை உறுதி செய்யும் கொள்கை வேண்டும் என்கிறது. வரவேற்கத்தக்கதுதான். ஆனால், தில்லியில் இயற்றப்படும் சட்டத்தின் கை தேசியச் சம்மேளனங்களை எட்டும் வேகத்தில், ராபர்ட்சன்பேட்டையின் பள்ளி மைதானத்தை எட்டுவதில்லை. அங்கே வீரர் என்ற பெயர்கூட இல்லாத பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முறையீட்டைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

செய்ய வேண்டியவை பெரும் பொருட்செலவு கோருபவையும் அல்ல. பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், ஊதியம் எதிர்பாராமல் மாலை நேரங்களில் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் முன்னாள் வீரர்களுக்கும் சிறார் மனநிலை குறித்த குறுகியகாலப் பயிற்சியை மாநில விளையாட்டுத் துறை அவரவர் ஊரிலேயே அளிக்க வேண்டும். நுட்பம் கற்பிக்கப் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் 1961 முதல் இருக்கிறது. பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்பதும் அந்த நுட்பத்தின் ஒரு பகுதியாக வேண்டும். ஒவ்வொரு பள்ளியும் மைதானத்தில் நடப்பவற்றை விசாரிக்கும் பொறுப்பை, பயிற்சியாளர் அல்லாத ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். பள்ளி அளவிலான போட்டிகளில் வெற்றிக் கோப்பைக்கு இணையாக, நேர்மையாக ஆடிய அணிக்கும் ஒரு கோப்பை வழங்கலாம். சயனைடு கலந்த மண்மேடுகளின் தூசு காற்றில் பறக்கும் ஊரில், பிள்ளைகள் நல்ல காற்றைச் சுவாசித்து ஆட ஒரு பசுந்திடலை உறுதி செய்வது அரசின் குறைந்தபட்சக் கடமை.

பெற்றோருக்கும் பங்குண்டு. ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம் "ஜெயித்தாயா?" என்பதற்கு முன், "நன்றாக ஆடினாயா? யாருக்காவது கைகொடுத்தாயா?" என்று கேட்கலாம். அலுத்துக் களைத்து இரவு ரயிலில் வந்து இறங்கும் தந்தைக்கும் தாய்க்கும் அந்த ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் போதும்.

பூமிக்குள் மூன்று கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், எந்த நேரத்திலும் பாறை வெடித்துச் சிதறக்கூடும் என்று தெரிந்தே இறங்கி உழைத்தவர்களின் பேரப் பிள்ளைகள் இவர்கள். அங்கே ஒருவர் உயிர் அடுத்தவர் கையில் இருந்தது. பக்கத்தில் நிற்பவரை நம்பு, அவர் நம்பும்படி நடந்துகொள் என்பதே சுரங்கம் கற்பித்த ஒழுக்கம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஏறத்தாழ 800 டன் தங்கத்தை நாட்டுக்கு அள்ளித் தந்துவிட்டுச் சுரங்கம் மூடிக்கொண்டது. அந்த ஒழுக்கத்தையும் சேர்த்து மூடிவிட வேண்டியதில்லை. அதைக் கற்பிக்க இனி அந்த ஊருக்கு எஞ்சியிருக்கும் இடம் மைதானம்தான்.

வெல்வதற்குக் கற்றுக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குறுக்குவழி தேடாமல் தோற்கவும், தோற்ற பின் தலைநிமிர்ந்து எதிராளியின் கையைக் குலுக்கவும், மறுநாள் காலை மீண்டும் பயிற்சிக்கு வரவும் கற்றுக்கொடுப்பவரே பயிற்சியாளர். அத்தகையவர்களை உருவாக்குவதற்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும், பதக்கத்துக்குச் செலவிடும் ரூபாயைவிட நீண்ட காலம் பயன் தரும்.