முதுகில் மாட்டும் முன் யோசிப்போம்! மருந்தடிக்கும் எஞ்சின் பம்பு: எதை வாங்குவது? அரசிடம் எதைக் கேட்பது?



கிணத்துக்கோ போருக்கோ மோட்டார் இறக்குவதென்றால் நாம் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். எத்தனை எச்.பி., எத்தனை ஸ்டேஜ், எத்தனை அடியில் தண்ணி என்று கேட்டுத்தான் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். ஆனால் முதுகில் மாட்டி மருந்தடிக்கிற எஞ்சின் பம்பு வாங்கும்போது மட்டும் கடைக்காரர் எடுத்து வைத்ததை, மானியப் பட்டியலில் இருந்ததை, வாயைத் திறக்காமல் வாங்கி வந்துவிடுகிறோம். மூணாவது வெள்ளாமை வருவதற்குள் அது சாளையில் உரமூட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நம்ப முடியலீங்களா? உங்க ஊர் சாளைகளை ஒரு எட்டுப் போய்ப் பாருங்க.

மருந்தடிக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுவதில்லை. அதனால் எஞ்சினைத் தேடுகிறோம். அதில் தப்பில்லை. நாம் மெஷினுக்கு எதிரியும் அல்ல. ஆனால் ரெண்டு ஏக்கர்காரன் தோட்டத்துக்கு ஏற்ற மெஷின் எது என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. விற்கிறவனுக்கு விற்றால் போதும், திட்டத்துக்கு இலக்கு முடிந்தால் போதும். நட்டம் மட்டும் நம்ம தலையில்.

எந்தப் பயிருக்கு எந்தப் பம்பு?

தக்காளி, கத்தரி, சின்ன வெங்காயம் என்று ஒண்ணு ரெண்டு ஏக்கர் காய்கறி போடுகிறவருக்கு எஞ்சின் கட்டாயம் இல்லை. 16 லிட்டர் பேட்டரி பம்பு போதும். சத்தம் இல்லை, பெட்ரோல் இல்லை, ராத்திரி சார்ஜ் போட்டால் காலையில் வேலை முடிந்தது.

மக்காச்சோளத்தில் 2018-லிருந்து படைப்புழு வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் புழு இருப்பது குருத்துக்குள். மருந்து அதற்குள் இறங்கணும். காற்றோடு பனி மாதிரி வீசி மேல் இலையை நனைத்துப் பிரயோசனம் இல்லை. இங்கேயும் நாசிலைக் குருத்துக்கு நேராகப் பிடித்து அடிக்கிற பம்புதான் சரி.

நாலைந்து ஏக்கர் வெள்ளாமை, ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றால் முதுகு எஞ்சின் பம்பு உதவும். ஆனால் எடையைப் பாருங்கள். எஞ்சினோடு காலிப் பம்பே எட்டு, பத்து கிலோ. அதில் 20 லிட்டர் மருந்துத் தண்ணி. ஆக முப்பது கிலோ முதுகில், அதிர்வு வேறு. கடையில் காலிப் பம்பைத் தூக்கிப் பார்த்து "லேசாத்தான் இருக்குது" என்று ஏமாறாதீர்கள். தண்ணி நிரப்பி மாட்டி, பத்து நிமிசம் நடந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

தென்னை, மாவுக்கு முதுகுப் பம்பு எட்டாது. தரையில் வைத்து நீளமாக ஓஸ் இழுத்து அடிக்கிற எச்.டி.பி. பம்புதான் வேண்டும். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்ததே, அதற்குப் பல்கலைக்கழகம் சொன்ன வழி என்ன? கடும் விசத்தை அடிக்காதே, இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணியை வேகமாகப் பீய்ச்சி அடி, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டு, என்கார்சியா ஒட்டுண்ணியை விடு என்பதுதான். தண்ணியைப் பீய்ச்ச அழுத்தமுள்ள பம்பு வேணுமே! பத்து மரம், இருபது மரம் வைத்திருப்பவன் அதற்குத் தனியாக எங்கே போவான்?

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

டூ ஸ்ட்ரோக் விலை குறைவு, எடை குறைவு. ஆனால் பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊத்தணும். ஒண்ணுக்கு 25 என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 40 மில்லி, 50 என்று சொன்னால் 20 மில்லி. கண் மதிப்பில் ஊத்தக் கூடாது. நாமே ஒரு தடவை அவசரத்தில் ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊத்திவிட்டோம். அரை மணி நேரத்தில் பிஸ்டன் பிடித்து நின்றது. செயலாளர் என்று பேர், செய்த வேலை அது! ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனி, புகை குறைவு, பெட்ரோலும் மிச்சம். விலைதான் கூட. நிதானமாக மாற்றும் வசதி உள்ளவர் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குவதே நல்லது என்பது நம் கருத்து.

ரெண்டுக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு. சும்மா கிடப்பது. ரெண்டு ஏக்கரில் வருசம் பத்துத் தடவை, தடவைக்கு மூணு மணி நேரம் அடித்தாலும் எஞ்சின் ஓடுவது முப்பது மணி நேரம்தான். மீதி நாளெல்லாம் டேங்கில் பெட்ரோல் தேங்கி நிற்கிறது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரை அடைக்கும். பல சிறு எஞ்சின் கையேடுகளில் 10 சதம் வரைதான் ஆகும் என்று போட்டிருக்கும். ஆகவே வேலை முடிந்ததும் பெட்ரோலை வடித்துவிட்டு, தானாக நிற்கும் வரை ஓட்டி வையுங்கள். பாதிப் பழுது இதிலேயே போகும்.

மூடிக் கணக்கு உயிரைக் குடிக்கும்

எஞ்சின் பம்பு தண்ணியைக் குறைத்து வேகமாக வீசும். கைப்பம்பில் ஊத்திய மூடிக் கணக்கு இதற்கு ஒத்து வராது. மருந்தளவு டேங்குக்கு அல்ல, ஏக்கருக்கு. முதலில் வெறும் தண்ணியை ஊத்தி அடித்துப் பாருங்கள். ஒரு டேங்க் 10 சென்ட் வந்தால் ஏக்கருக்கு 10 டேங்க். 25 சென்ட் வந்தால் 4 டேங்க். ஏக்கருக்கு 200 மில்லி மருந்து என்றால் முதலாவதற்கு டேங்குக்கு 20 மில்லி, ரெண்டாவதற்கு 50 மில்லி. களைக்கொல்லிக்குத் தனிப் பம்பு, தனி நாசில். இதில் சமாதானமே கூடாது.

2017-ல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களும் இருபது பேருக்கு மேல் மடிந்தார்கள். அதே ஆண்டு நம்ம பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக் காட்டில் சாவு விழுந்தது. ஆள் உயரப் பயிர், மருந்துக் கலவை, முகமூடி கையுறை இல்லாமை, புகை மாதிரி வீசும் பம்பு என்று காரணம் பலதும் பேசினார்கள். செத்தவர் யாரும் திரும்பி வரவில்லை. காற்றுக்கு எதிரே அடிக்காதீர்கள். வெயில் ஏறும் முன் முடியுங்கள். கூலிக்கு வருகிறவருக்கும் முகமூடி கொடுங்கள். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சங்கம் சொல்லும் வழி

ஆளுக்கொரு பம்பு வேண்டாம். பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஐந்து பேர் சேருங்கள். முப்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு எச்.டி.பி. செட் என்று வைத்துக்கொண்டாலும் ஆளுக்கு ஆறாயிரம்தான். அவரவர் வீட்டில் ஒரு பேட்டரி பம்பு. ஓட்ட ஒருத்தர், கணக்குக்கு ஒரு நோட்டு. சண்டை வராமல் நடக்க அந்த நோட்டு போதும்.

வாங்கும்போது பில் இல்லாமல் வாங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் மருந்தடிக்கும் தெளிப்பானுக்கு ஜி.எஸ்.டி. 12 சதத்திலிருந்து 5 சதமாகக் குறைக்கப்பட்டது. அந்தக் குறைப்பு உங்கள் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட்டர் கயிறு, டயாபிரம், வாஷர், பிளக் நம்ம ஊர்க் கடையிலேயே கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள், அப்புறம் பம்பைக் கேளுங்கள். நம் கிளை உறுப்பினர் ஒருவர் மானியத்தில் வாங்கிய பம்பு, வெங்காயத்தில் திருகல் நோய் வந்த சமயம் பார்த்து நின்றுபோனது. கடையில் "சாமான் இன்னும் வரலீங்க" என்றே பத்து நாள் ஓட்டினார்கள். நோய் பத்து நாள் காத்திருக்குமா? அவர் போட்ட முதலில் பாதி காட்டிலேயே போனது.

நமது கோரிக்கைகள்

இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு குறு விவசாயிக்கு 50 சதம் வரை மானியம் என்கிறார்கள். அது யாரோ தரும் பிச்சை அல்ல, நம் வரிப்பணம். அதனால் கேட்கிறோம்:

1. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பம்பின் சோதனை அறிக்கையையும் தமிழில், வட்டார அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். எடை, அதிர்வு, பெட்ரோல் செலவு அதில் இருக்க வேண்டும்.

2. மானியத்தில் விற்கும் கம்பெனி ஐந்து வருசத்துக்கு உதிரி பாகமும், வட்டாரத்துக்கு ஒரு பழுதுபார்க்கும் இடமும் தர வேண்டும். தராதவன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும்.

3. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கந்தோறும் எச்.டி.பி. பம்பு வாடகைக்கு வைக்க வேண்டும்.

4. ஒவ்வொரு பம்போடும் முகமூடி, கையுறை, கண்ணாடி சேர்த்தே கொடுக்க வேண்டும்.

5. சிட்டா நகல் காட்டும் விவசாயிக்குப் பங்கில் கேனில் பெட்ரோல் தர உத்தரவு வேண்டும். ரெண்டு லிட்டர் பெட்ரோலுக்கு நாலு பங்கு ஏறி இறங்குகிற அவமானம் போதும்.

தோழர்களே! 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் மூன்று உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைக் கோவை நகரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினோம். இன்று மோட்டார் இலவச மின்சாரத்தில் ஓடுகிறதென்றால் அந்தப் போராட்டத்தின் பலன்தான். அதற்கு முன்னால் ஒரு பம்பு சின்ன விசயமாகத் தெரியலாம். அந்தக் கட்டண உயர்வும் அன்றைக்குச் சின்ன விசயம் என்றுதான் சொன்னார்கள்.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வெறுங்கையோடு வராதீர்கள். சாளையில் கிடக்கும் பழுதான பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு வாருங்கள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் வரிசையாக இறக்கி வைப்போம். நாம் பேச வேண்டியதில்லை, அந்தப் பம்புகளே பேசும்.

உழவர் ஒற்றுமை ஓங்குக!
உரிமையைக் கேட்போம், ஒன்றுபட்டு வெல்வோம்!