முற்றத்துக்கு வரும் வெயில்



டிசம்பர் மாதம் வந்துவிட்டால், தில்லியிலும் அதன் சுற்றுப்புற நகரங்களிலும் வாழும் நம்மில் அநேகர் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு, "இந்தக் குளிர் எப்போது தீரும்?" என்று நாட்களை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். ஊரில் மார்கழிப் பனியை மட்டுமே அறிந்து வளர்ந்த நமக்கு இது இயல்பே. ஆனால் நகரத்தைத் தாண்டி ஹரியானாவின் கிராமங்களுக்குள் சென்று பாருங்கள். அங்கே இதே குளிர்காலம், குடும்பம் ஒன்றாய்க் கூடியிருக்கும் காலமாய் இருக்கிறது.

அக்டோபரில் விதைத்த கடுகு ஜனவரியில் பூத்துக் கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சளாய் விரிந்திருக்கும்; அருகே கோதுமைப் பயிர் பச்சையாய் நிற்கும். காலையில் மூடுபனி அனைத்தையும் மறைத்திருக்கும். வெயில் ஏற ஏறத் திரை விலகினாற்போல் வயல்கள் ஒவ்வொன்றாய்த் தோன்றும். குருகிராமுக்கு அருகிலுள்ள சுல்தான்பூர் ஏரிக்கு இமயமலையைக் கடந்து வரித்தலை வாத்துகள் வந்திருக்கும். பிழைப்புக்காக நெடுந்தூரம் வந்த நமக்கு, அவற்றைக் காணும்போது ஓர் உறவு தோன்றாமல் இராது.

வெயில் வந்ததும் கயிற்றுக்கட்டில்கள் முற்றத்துக்கு வரும். பெண்கள் கம்பளிநூல் பின்னுவார்கள். முதியோர் வேர்க்கடலையை உடைத்துத் தின்றபடி பேசியிருப்பார்கள். காரட்டையும் காலிஃபிளவரையும் டர்னிப்பையும் நறுக்கி வெயிலில் உலர்த்தி, கடுகெண்ணெயும் வெல்லமும் சேர்த்து ஊறுகாய் போடுவார்கள். கடுகுக்கீரையைப் பாலக்கீரையோடு மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைத்துக் கடைந்து, மக்காச்சோள ரொட்டியுடன் உண்பார்கள். கரும்பு விளையும் இடங்களில் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளைக் காணலாம். சாறு பிழிந்த சக்கையே அங்கே அடுப்புக்கு எரிபொருள். கொதிக்கும் சாற்றின் அழுக்கைப் பிரிக்க, வெண்டைச் செடியின் தண்டை நசுக்கி எடுத்த கொழகொழப்பான நீரை ஊற்றுவதுண்டு. இவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பாடப்புத்தகத்தில் இவற்றைக் காண இயலாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். முற்றத்தில் மூட்டும் நெருப்பைச் சுற்றி அமர்வது இன்பமே. ஆனால் அதே கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்து உறங்குவது உயிருக்கே ஆபத்து. கரி எரிகையில் வெளிவரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவர்கள் விழிக்காமலே போய்விடக்கூடும். சிறிய அறையில் பலர் தங்கியிருக்கும் நம் இளைஞர்களுக்கு இதைத் தவறாமல் சொல்லுங்கள். படுக்குமுன் அடுப்பை வெளியே வைத்துவிடுங்கள்; குளிருக்கு இன்னொரு ரஜாய் போதும்.

கிராமத்துக்குச் செல்ல இயலாதவர்கள் வருந்த வேண்டாம். விடுமுறை நாளில் மொட்டைமாடியில் பாயை விரியுங்கள். ஒருவர் காரட் நறுக்கட்டும், ஒருவர் கடலை உடைக்கட்டும், பாட்டி ஊர்க் கதை சொல்லட்டும். ஏப்ரல் வந்துவிட்டால் இந்த வெயிலில் யாரும் அமர முடியாது. இந்தக் குளிர் தீருமுன்னே அதை அனுபவித்துவிடுங்கள்.