முத்திரையை விட்டுக் கோழிக்கல்லைப் பாருங்கள்

கரோல் பாக்கில் என் அறைக்குக் கீழே உள்ள நகலகத்தில் போட்டித்தேர்வுக் குறிப்புகள் குவிந்து கிடக்கின்றன. நேற்று அவற்றுள் ஒன்றில் கண்ட வரி: ஏறுதழுவலுக்குத் தொல்லியல் சான்று, மொகஞ்சதாரோ முத்திரை. அவ்வளவே. குறிப்பெழுதியவரை நான் குறைகூறேன். அவருக்கு இதைக் கற்பித்தவை நம் ஆய்வரங்குகள்.

அம்முத்திரை இந்நகரின் தேசிய அருங்காட்சியகத்தில்தான் உள்ளது. ஒரு விலங்கு, அதைச் சுற்றித் தூக்கியெறியப்பட்ட மனித உருவங்கள். ஐராவதம் மகாதேவன் அதனை ஏறுதழுவலாக வாசித்தார். வாசிப்பு வேறு, சான்று வேறு. அக்காட்சி விளையாட்டா, சடங்கா, தொன்மக்கதையா என்று முத்திரை கூறவில்லை. அதற்கும் முல்லைக்கலிக்கும் இடையே கிடக்கும் ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வெளியைக் கடக்க நம்மிடம் பாலமும் இல்லை.

சான்றுக்கு உழைப்பது எவ்வாறு என்பதை ரோமானியப் பிரிட்டன் ஆய்வில் காணலாம். அங்கே அரங்க இடிபாடுகள் உண்டு. கோல்செஸ்டரில் கிளாடியேட்டர்களின் உருவமும் பெயரும் தாங்கிய குவளையும் உண்டு. ஆயினும் மனிதன் விலங்கோடு மோதியதற்கு உடற்சான்று தேடினர். யார்க் நகரின் டிரிஃபீல்ட் டெரசில் 2004-05இல் அகழ்ந்த எலும்புக்கூடுகளுள் ஒருவனின் இடுப்பெலும்பில் கடித்தடங்கள் இருந்தன. விலங்குக்காட்சிச் சாலைகளில் பெரும்பூனைகள் தின்ற குதிரை எலும்புகளோடு அவற்றை ஒப்பிட்டு, சிங்கம் போன்றதொரு விலங்கின் கடி என்று 2025இல்தான் எழுதினர். அக்கல்லறையில் கிடப்போர் கிளாடியேட்டர்கள்தாமா என்ற விவாதம் அதன்பின்னும் ஓயவில்லை. ஓயாதிருப்பதே நலம்.

போட்டிக்களத்துக்கு நம்மிடம் நேர்ச்சான்று இல்லையா? உண்டு. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சேவல் செதுக்கிய நடுகல் ஒன்று நிற்கிறது. முகையூர் மேற்சேரியின் கோழி என்று ஊரையும் சேரியையும் கல்லே கூறுகிறது. இந்தளூர்க் கல்லோ கீழ்ச்சேரிக் கோழியின் பெயரையே தருகிறது: பொற்கொற்றி. இரண்டும் கி.பி. 5ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. உருவம், எழுத்து, இடம் மூன்றும் ஒருங்கே அமைந்தவை. சேவற்போரில் மடிந்த பறவைக்கு மனித வீரனுக்குரிய மதிப்பை ஒரு சேரி அளித்திருக்கிறது. அந்தச் சேவலை வளர்த்தவர் யார், கல் எடுத்தவர் யார், சேரிகள் எதன்பொருட்டு மோதின? இவ்வினாக்களை விட்டுவிட்டு முத்திரையின் படத்தையே திரும்பத் திரும்பத் திரையிடுகிறோம். சிந்துவெளி என்றால் கைதட்டல் கிடைக்கிறது, கோழிக்குக் கிடைப்பதில்லை.

ஏறுதழுவலின் எதிரி என்று என்னைப் பின்னூட்டத்தில் ஏச வேண்டா. அதன் பழைமைக்குக் கலித்தொகை போதும். முத்திரையை முட்டுக்கொடுப்பவர்தாம் அந்நூலின் சான்றுவலிமையை ஐயுறுகின்றனர்.